ஓலையும் கம்பளி நூலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சரவணையைச் சேர்ந்த மூன்று பழைய மாணவிகளின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் சரவணையிலிருந்து இந்தப் பாடசாலை விடுதிக்கு வந்தவர்கள். ஒரே ஆண்டில் நான்கு பேர் வந்தோம். இன்று மூன்று பேர் இந்த மேடையில் நிற்கிறோம். நான்காமவள் இல்லை. அவள் பின்னிய ஒரு சின்னத் தொப்பி மட்டும் மண்டபத்தின் பின்புறம், கண்காட்சி மேசையில் இருக்கிறது. அதன் பக்கத்திலே பனையோலைப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அந்த இரண்டைப் பற்றியும்தான் பேசப் போகிறோம்.

"வீட்டாருக்கு எங்கள் கையால் செய்த சிறு பரிசுகள்" என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. நூற்றாண்டு விழாவில் இதைவிடப் பெரிய விடயங்கள் பேச இருக்கின்றனவே என்று முதலில் தயங்கினோம். பிறகு, இந்தப் பாடசாலை எங்களுக்குக் கற்றுத் தந்தவற்றில் இன்றுவரை ஒவ்வொரு நாளும் கையில் இருப்பது எது என்று மூவரும் யோசித்துப் பார்த்தோம். அட்சரகணிதம் போய்விட்டது. இலத்தீன் சொற்கள் போய்விட்டன. பின்னல் ஊசி மட்டும் போகவில்லை.

ஆனால் பின்னலை நாங்கள் இங்கே வந்து கற்கவில்லை. தெரிந்துகொண்டுதான் வந்தோம். அது தெரியும் என்று சொல்ல வெட்கப்பட்டோம். இன்றைக்கு உங்கள் முன் ஒப்புக்கொள்ள வந்த விடயம் அதுதான்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பண்ணைக் கடலைத் தாண்டி வேலணைத் தீவுக்குள் வந்து, ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போனால் சரவணை வரும். தோட்டமும் வயலும் பனையுமான ஊர். எங்கள் காலத்தில் பல வீடுகளில் ஆண்கள் ஊரில் இருப்பதில்லை. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடைகளில் நின்றார்கள். கோயில் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வந்து போவார்கள். பின்னேரங்களில் பெண்கள் திண்ணையில் கூடி ஓலை வார்வார்கள். அதைப் பன்னவேலை என்போம். கடகம், சுளகு, பாய், உமல் எல்லாம் வீட்டுத் தேவைக்கு. அவற்றுக்கிடையிலே சின்னச் சின்னப் பொருட்களும் பிறக்கும். ஒவ்வொன்றும் ஒருவருக்கென்று பிறக்கும்.

பிள்ளை பிறக்கப் போகிறதென்றால் அம்மம்மா தடுக்கு இழைக்கத் தொடங்குவா. குழந்தையைக் கிடத்தும் சின்னப் பாய் அது. குருத்தோலையை மெல்லிதாக வார்ந்து, முனை எங்கேயும் குத்தாதபடி ஓரத்தை மடித்து உள்ளே செருகுவா. பிள்ளை இருக்கத் தொடங்கினால் ஓலைக் கிலுகிலுப்பை. உள்ளே நாலு சின்னக் கல். வெற்றிலை போடும் அப்புவுக்குக் கொட்டப்பெட்டி. அது அவருடைய மடியில் செருகும் அளவாக இருக்க வேண்டும். பெரிதானால் துருத்தும், சிறிதானால் பாக்கு வெட்டி அடங்காது. கொழும்புக்குப் போகும் ஐயாவுக்குக் காசு வைக்க ஒன்று. கலியாணம் பேசின பெண்ணுக்குச் சாயமிட்ட ஓலையில் மூடுபெட்டி. புதுக்குடித்தனத்துக்கு ஒரு நீத்துப்பெட்டி.

நீத்துப்பெட்டி சின்னப் பொருள்தான். ஆனால் அதை இழைக்கத் தெரிந்தவளைத்தான் ஊர் கைகாரி என்று சொல்லும். ஆவி உள்ளே ஏற வேண்டும், மா கீழே கொட்டக் கூடாது. இறுக்கிப் பின்னினால் பிட்டு வேகாது, நெகிழப் பின்னினால் பானைத் தண்ணீரில் மா கரையும். அதிலே சாயம் சேர்க்கவும் கூடாது. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. அம்மா அருகில் இருந்து பார்த்தோம். பிழையாகப் போனால் அவ ஒன்றும் சொல்லாமல் அந்தக் கீலத்தை இழுத்துவிட்டு, "திரும்பப் போடு" என்பா.

ஓலையைக் கையில் எடுத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுண்டு. "ஆருக்கடி பிள்ளை?" நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் சத்தகத்தை எடுப்பா. ஏனென்றால் ஆருக்கு என்று தெரிந்தால்தான் கீலம் எவ்வளவு அகலம், பெட்டி எவ்வளவு உயரம் என்று தெரியும். சின்னக் கைக்குச் சின்னப் பெட்டி. நடுங்கும் கைக்கு இலகுவாகத் திறக்கும் மூடி. கண் தெரியாத ஆச்சிக்கு, தடவிப் பார்த்து அடையாளம் காண விளிம்பிலே ஒரு தடித்த பொத்தல்.

இந்தப் பழக்கத்தோடுதான் 1961 இல் இந்த விடுதிக்கு வந்தோம்.

பெண் கல்வியோடு ஊசியும் நூலும் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை நீண்டது. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கிய காலத்திலேயே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பின்னர் எழுந்த பெண்கள் பாடசாலைகள் எல்லாவற்றிலும், மிசன் பாடசாலையானாலும் சைவப் பாடசாலையானாலும், தையலும் பின்னலும் நேர அட்டவணையில் இடம்பிடித்தன. எங்கள் நாளில் வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் கைவேலை. குரோசே ஊசி ஒன்று, பின்னல் ஊசி ஒரு சோடி, ஒரு பந்து கம்பளி நூல் கொண்டுவர வேண்டும். எங்கள் நால்வரிடமும் ஒரு சோடி ஊசிதான் இருந்தது. மற்ற மூவரும் தடித்த தென்னோலை ஈர்க்கைச் சீவி, மட்பாண்ட ஓட்டில் தேய்த்து வழவழப்பாக்கி ஊசியாக்கினோம். ரீச்சர் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

அந்த ரீச்சரை இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கே பிடித்திராது. அவருடைய வகுப்பிலும் ஒரு கட்டாயம் இருந்தது. ஊசியில் முதற் கண்ணியை ஏற்றுவதற்கு முன்னர் கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும்: யாருக்கு? "தம்பிக்கு" என்று எழுதினால், "தம்பிக்கு எத்தனை வயது? பாதம் எவ்வளவு நீளம்?" என்று கேட்பார். தெரியாதென்றால் வார இறுதியில் வீட்டுக்குப் போய் அளந்துகொண்டு வர வேண்டும். நூலில் முடிச்சுப் போட்டுத் தம்பியின் பாதத்தை அளந்து, பெட்டிக்குள் வைத்துப் பண்ணைக்கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறோம்.

அவர் கற்பித்த நுணுக்கங்கள் இப்போதும் வாய்ப்பாடு மாதிரி வரும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். தொப்பியை மூன்று நான்கு சென்ரிமீற்றர் குறைத்தே பின்ன வேண்டும், பின்னல் இழுபடும். காலுறை கழன்று விழாதிருக்கக் கணுக்காலில் ஒரு வரிசை துளை விட்டு நாடா கோர்க்க வேண்டும். கழுத்தருகே நீள நாடா எந்தக் காலமும் வைக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. எங்கள் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூலே போதும். குளிர் நாட்டுக்கு அனுப்புவதானால் மட்டும் கம்பளி. அன்றைக்கு அந்தக் கடைசி வரியைக் கேட்டுச் சிரித்தோம். சரவணையிலிருந்து குளிர் நாட்டுக்கு ஆர் போகப் போகிறார்கள்?

அம்மா கேட்ட கேள்வியும் ரீச்சர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. வகுப்பில் நாங்கள் மற்றவர்களைவிட விரைவாகக் கற்றோம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற கணக்கு எங்கள் விரல்களுக்குப் பழகிய கணக்கு. "எங்கே பழகினீர்கள்?" என்று பட்டினத்துப் பிள்ளைகள் கேட்டபோது, "சும்மா" என்றோம். ஓலைப்பெட்டி இழைத்துப் பழகினோம் என்று சொல்லவில்லை. தீவுப் பிள்ளைகள் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதற்குமேல் ஓலையும் வேண்டாம் என்று நினைத்தோம்.

இப்போது அந்தப் பெட்டியின் கதைக்கு வருகிறோம்.

ஒருநாள் பெற்றோர் சந்திப்புக்கு எங்களில் ஒருத்தியின் அம்மா வந்தா. ரீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி மேசையில் வைத்ததை அவ பார்த்திருக்கிறா. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தவணைக்கு மகளை அனுப்பும்போது, வெள்ளைக் குருத்தோலையில் ஊதாச் சாயக் கீலம் ஊடே ஓட, நீளமான ஒரு மூடுபெட்டியைக் கையில் கொடுத்தா. "உங்கடை ரீச்சரின்ரை கண்ணாடிக்கு. கீறல் விழாது எண்டு சொல்லிக் குடு பிள்ளை." அளவு எடுத்தது கண்ணால் மட்டும். உள்ளே பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்திருந்தா.

அதை நாங்கள் கொடுக்கவில்லை.

விடுதிக்கு வந்த அன்று நால்வரும் கூடிப் பேசினோம். மற்றப் பிள்ளைகள் ரீச்சருக்குத் தேயிலைக்கேத்தல் உறையும் லேஸ் வைத்த கைலேஞ்சியும் கொடுக்கிறார்கள், நாங்கள் ஓலைப்பெட்டியைக் கொண்டுபோய் நீட்டுவதா என்று. "பிறகு குடுப்பம்" என்றோம். ரங்குப்பெட்டியின் அடியில் வைத்தோம். வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டா, "ரீச்சர் என்ன சொன்னவ?" "நல்லாயிருக்காம்" என்று சொன்னோம். அதைச் சொன்னவள் ஒருத்தி, ஆனால் அந்தப் பொய் நால்வருடையதும். அம்மாவின் முகத்தில் தெரிந்த சந்தோசம் இன்றைக்கும் எங்கள் கண்ணில் நிற்கிறது. ரீச்சர் ஓய்வு பெற்றுப் போனார். அம்மாவும் காலமானா. பெட்டி கொடுபடவில்லை.

எங்களை அவமதித்தவர்கள் யாருமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓலை வேண்டாமென்று இந்தப் பாடசாலை சொல்லவில்லை. நாங்களே எங்கள் தாய்மாரின் கையைத் தாழ்த்தி எண்ணினோம்.

பிறகு நடந்தவை உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. 1990 ஆவணியில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது சரவணை கலைந்தது. கையில் எடுத்ததோடு கடலைக் கடந்தவர்கள் பலர். எங்கள் அம்மாமார் இழைத்த கடகமும் பாயும் நீத்துப்பெட்டியும் அந்த அந்த வீடுகளிலேயே போயின. ஓலை நெடுங்காலம் தாங்குவதில்லை. மழை இரண்டைக் கண்டால் மண்ணோடு மண். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெண்களின் கைவேலையில் எந்த நூதனசாலைக்கும் கொடுக்க எங்களிடம் அதிகம் எஞ்சவில்லை.

எங்களில் இருவர் வலிகாமத்தில் அகதிகளாக இருந்தோம். பொருளாதாரத் தடைக்காலம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் துணி தோய்த்தோம். கைவிட்ட பனை திரும்பக் கைகொடுத்தது. உமலும் பெட்டியும் மறுபடி இழைத்தோம். கம்பளி நூல் கடையில் கிடைக்காது. எங்கள் நான்காமவள் தன் மூத்தவளின் பழைய கம்பளிச் சட்டையை உருவி, நூலைக் கழிகளாகச் சுற்றி, நனைத்துப் பாரம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பி பின்னினாள். கம்பளிப் பின்னலில் அந்த நன்மை உண்டு. அக்காவின் சட்டை தங்கையின் தொப்பியாகும். மேசையில் இருப்பது அந்தத் தொப்பி. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த இரவில், மழைக்குள் அந்தத் தொப்பி ஒரு குழந்தையின் தலையில் இருந்தது. அந்தக் குழந்தை இன்று வைத்தியராகப் பணிபுரிகிறாள். தாயின் நினைவாக இந்தக் கண்காட்சிக்கு அதை அனுப்பி வைத்திருக்கிறாள்.

மற்றவர்கள் குளிர் நாடுகளுக்குப் போனோம். ரீச்சரின் கடைசி வரி பலித்தது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் லண்டனிலும் எங்கள் வயதுப் பெண்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தொப்பியும் கையுறையும் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில், பேருந்தில் பக்கத்திலிருந்த வெள்ளைக்கார மூதாட்டி எங்கள் கையைப் பார்த்துச் சிரித்து, தன் பையிலிருந்து தன்னுடைய பின்னலை எடுத்துக் காட்டியிருக்கிறா. அந்த நாடுகளில் நாங்கள் பேசிய முதல் உரையாடல்கள் சில அப்படித்தான் நடந்தன.

நோர்வேயில் இருப்பவள் ஒரு கதை கொண்டுவந்தாள். செல்பு என்றொரு ஊர். 1857 இல் மாரிற் எம்ஸ்தா என்ற பதினாறு வயதுப் பெண் கறுப்பு வெள்ளை இரு நிறத்தில், எட்டிதழ் நட்சத்திரம் வைத்துக் கையுறை பின்னித் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போனாளாம். ஊரெல்லாம் அதைப் பார்த்துப் பின்னத் தொடங்கி, அந்த நட்சத்திரம் இன்று உலகம் முழுவதும் தெரிகிறது. அந்த ஊரில் கலியாணப் பெண் விருந்தினர்களுக்குத் தன் கையால் பின்னிய கையுறைகளைப் பரிசளிக்கும் வழக்கமும் இருந்தது. அதற்காக மாதக்கணக்கில் பின்னிச் சேர்ப்பார்களாம். இதைக் கேட்டபோது எங்களுக்கு ஊரின் மூடுபெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. அந்த ஊர் தன் கையுறைகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறது. நாங்கள் எங்கள் பெட்டியை ரங்குப்பெட்டியின் அடியில் வைத்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து பனையோலைப் பொருட்கள் கடைக்கும் வந்திருக்கின்றன. ஊரில் பல பெண்கள் அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் விடுமுறையில் வரும் நாங்கள் என்ன செய்கிறோம்? வெளிநாட்டில் ஒரு பந்து கம்பளி நூலுக்குச் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுப்போம். இங்கே இரண்டு நாள் இருந்து இழைத்த பெட்டிக்கு ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லி நிற்போம். அறுபது ஆண்டுக்கு முந்திய அந்த வெட்கம் இப்போது பேரம் என்ற உருவில் வருகிறது.

போன மாதம் மூவரும் சரவணைக்குப் போனோம். பல வளவுகளில் வீடு இல்லை, பனை நிற்கிறது. ஓலைக்குப் பஞ்சமில்லை. வாரத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன. நீத்துப்பெட்டி இழைக்க ஆர் இருக்கினம் என்று விசாரித்தோம். ஒரு ஆச்சியைக் காட்டினார்கள். எங்களைவிட மூத்தவ. பக்கத்தில் இருந்து பழகினோம். எங்கள் விரல் மறக்கவில்லை. கண்தான் மங்கிவிட்டது. "உங்களுக்குப் பிறகு ஆர் ஆச்சி?" என்றோம். "கேட்டு வந்தால் காட்டுவன். ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றா.

ஆகவே தலைவி அவர்களிடமும் அதிபர் அவர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தில் கம்பளியும் ஓலையும் ஒரே மேசையில் இருக்கட்டும். அந்த ஆச்சியையும், அவவைப்போலத் தெரிந்தவர்களையும் ஆசிரியர்களாக அழைப்போம். வாகனமும் ஆசிரியருக்குரிய சம்பளமும் கொடுப்போம். அந்தச் செலவின் முதல் ஆண்டுப் பங்கை நாங்கள் மூவரும் ஏற்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் தங்கைமார் குருத்தோலைக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தடித்த காகிதத்தைக் கீலங்களாக வெட்டிப் பழகலாம். நாங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்குகிறோம். முதல் பெட்டி கோணும். பரவாயில்லை.

மாணவச் செல்வங்களே, விற்பதற்கோ போட்டிக்கோ முதலில் செய்ய வேண்டாம். வீட்டில் ஒருவரை நினையுங்கள். அம்மம்மாவின் கண்ணாடி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தம்பியின் பாதத்தை அளவுங்கள். பரிசு அங்கேயே பாதி முடிந்துவிடும். அப்படி ஒருவரைக் கூர்ந்து பார்த்தால் உங்கள் கைக்கு வேலை தானாக வரும். இன்னொன்று, செய்ததைக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுக்கலாம் என்று வைக்காதீர்கள். அது எங்களுடைய அனுபவம்.

கடைசியாக, அந்த ஓலைப்பெட்டி. 1972 இல் கலியாணத்தோடு கொழும்புக்குப் போய், பிறகு கடல் கடந்து, ஈரம் படாத இடத்தில் இருந்ததால் பிழைத்தது. ஊதாச் சாயம் மங்கியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் நைந்திருந்தது. சரவணை ஆச்சி புதுக் கீலம் செருகி, விளிம்பை நாரால் பொத்தித் தந்தா. உள்ளே வைத்த வேட்டித் துணி அம்மா தைத்ததேதான்.

இதைச் சரவணையில் ஒரு தாய், தன் பிள்ளைக்குக் கற்பித்த ஆசிரியைக்காக இழைத்தா. வாங்க வேண்டியவர் இன்று இல்லை. அவர் நாற்பது வருடம் கற்பித்த கைவேலை அறை இருக்கிறது. அந்த அறைக்கு இதை அதிபர் அவர்களின் கையில் ஒப்படைக்கிறோம். அதிபர் அவர்களே, இதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்ட வேண்டாம். கைவேலை ஆசிரியையின் மேசையில் இருக்கட்டும். அவ தன் மூக்குக்கண்ணாடியை அதற்குள் வைக்கட்டும். நாங்கள் வைத்துப் பார்த்தோம், சரியாக அடங்குகிறது.